கால்மணி

மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் நின்றுவிட்டான். சந்துக்குள் ஒரு காலை வைத்தவன், கொதிக்கிற தாரில் வைத்ததுபோல் அதை வெளியே இழுத்துக்கொண்டான்.

"நீ போ. நான் இங்கயே நிக்கறேன்."

"இங்கயேன்னா? ஆறு மணி நேரம் பஸ்ஸுல இடுப்பொடிய வந்தது கம்பத்துக்குக் காவல் நிக்கவா?"

"எடுத்துட்டு இந்த வழியாத்தானே வரணும். அப்பப் பாத்துக்கறேன்."

"செத்திருக்கிறது உங்க மச்சான். ரோட்டுல போற எவனோ இல்ல."

 முப்பது வருஷம் கல் உடைத்த கை கம்பத்தை விடுவதாக இல்லை. சந்துக்குள்ளிருந்து வந்த ஒருவர் அவள் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு மணிக்கு வண்டி வருதாம்மா, பாக்கணும்னா சீக்கிரம் போங்க" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். அப்போது ஒன்றரைக்கு மேல் இருக்கும். கணவனை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு அவள் மட்டும் நடந்தாள்.

வண்டி நுழைய முடியாத சந்து. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பீப்பாய்கள், துணிக்கொடி, துருப்பிடித்த இரும்புக் கதவுகள். எந்த வீடு என்று யாரையும் அவள் கேட்கவில்லை. போகப் போக வாசலில் கிடந்த செருப்புகள் கூடிக்கொண்டே வந்தன. மிக அதிகமாகக் கிடந்த இடத்தில் தன்னுடையதையும் கழற்றினாள். அண்ணன் இருபத்தாறு வருஷம் வாழ்ந்த வீட்டை அப்படித்தான் முதல்முறையாகக் கண்டுபிடித்தாள்.

முன்னறையில் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் சின்னதாகியிருந்தான். நெஞ்சு வரை வெள்ளைத் துணி. வலது கையைத்தான் அவள் முதலில் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காய்ப்பு ஒன்று இருக்கும், நெல்லிக்கொட்டை மாதிரி. இப்போது அங்கே வெறும் சுருக்கம்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே அது எப்போதோ கரைந்து போயிருந்தது.

வரும் வழியெல்லாம் அவள் பயந்தது அண்ணிக்குத்தான். வாசலோடு போ என்பாள், மயிரைப் பிடித்து இழுத்துப் போடுவாள், எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். அண்ணியோ அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இப்பவாச்சும் வந்தியே."

"அண்ணி..."

"அழு. அழுதுடு. உன்மேல அவருக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்ல தெரியுமா? போன வாரம்கூடச் சொன்னாரு. 'பாவம் அவ, அன்னைக்குன்னு பாத்து ரேடியோ போடலை. போட்டிருந்தா எனக்காக வந்து நாலு பேர் முன்னாடி சொல்லியிருப்பா'ன்னு."

அவள் அழுகை அப்படியே நின்றுபோனது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. பிடித்த கையை விடாமல் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ரேடியோ போட்டிருந்தாள். நன்றாகச் சத்தமாகவே வைத்திருந்தாள்.

அப்போது எல்லோரும் கல்குவாரி வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். கணவன் கல் உடைத்தான். அண்ணன் சங்கு ஊதினான். குவாரியில் யாரும் வாட்ச் கட்டக் கூடாது. கட்டினாலும் கல்தூசியில் ஒரு மாசம் தாங்காது. ஆகமொத்தம் நூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே கடிகாரம், சங்கு அறையில் முதலாளி மாட்டியது. ஐந்து மணி ஆனதும் அண்ணன் காய்ப்பேறிய அந்தக் கையால் காற்றுக்குழாயின் வால்வைத் திறப்பான், சங்கு அலறும். மூடும்போது ஒரேயடியாக மூட மாட்டான். தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுவதுபோல் சத்தத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்குவான். சத்தத்தின் அந்த வாலைக் கேட்டதும் வீட்டில் அவள் டீக்குத் தண்ணீர் வைப்பாள். மூன்று டம்ளர். கணவனும் அண்ணனும் தோளில் கைபோட்டுக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசியாக, இரண்டு பேய்கள் மாதிரி வந்து நிற்பார்கள்.

அந்த வருஷம் குவாரியை அளக்க ஒரு சர்வேயர் வந்தார். வாயாடி மனுஷன். கடிகாரம் வருவதற்கு முன்னால் உலகமே நிழலைப் பார்த்துத்தான் எழுந்தது, தின்றது, தூங்கியது என்பார். ஊர் நடுவே கம்பம் நட்டு அதன் நிழலில் பொழுதைப் பிரித்த ராஜாக்கள், கோட்டைச் சுவரில் கம்பி அடித்து மணி பார்த்த காவல்காரர்கள், இப்படி நிறையக் கதை அவரிடம் இருந்தது. சில நாடுகளில் ரயில்காரர்களே ஸ்டேஷன் கடிகாரத்தை நிழலைப் பார்த்துத்தான் திருப்பி வைத்தார்களாம். அந்தக் கடைசிக் கதை அவள் கணவனைப் பிடித்துக்கொண்டது. நிழலை நம்பி ரயிலையே விட்டிருக்கிறான், நமக்கென்ன என்றான்.

ஓரத்தில் விரிசல் விட்டதால் ஒதுக்கிப் போட்ட பலகைக்கல் ஒன்றை உருட்டி வந்தான். முனை மழுங்கிய துளைக்கம்பி ஒன்றை எடுத்தான். வடக்கு நட்சத்திரத்தைப் பார்க்கிற மாதிரி கம்பியைச் சாய்த்து நட வேண்டும் என்று சர்வேயர் காட்டிக் கொடுத்தார். ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேலையை முடித்தார்கள். சிமெண்டு இறுகும்வரை அண்ணன் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டான். அவள் ரேடியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் "இப்போ!" என்று கத்தினாள். அவள் கத்தும்போது நிழல் எங்கே விழுந்ததோ அங்கே கணவன் உளியால் கோடு இழுத்தான். ஐந்து மணிக் கோட்டை இழுத்துவிட்டு எழுந்து நின்று, "இது முதலாளிக்குச் சொந்தமில்லாத கடிகாரம்டா மச்சான்" என்றான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கிண்டலாக ஆரம்பித்ததுதான். செப்டம்பரில் கதை மாறியது. நிழல் ஐந்தைத் தொட்ட பிறகும் சங்கு ஊதவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. நவம்பர் முதல் வாரத்தில் முழுசாகக் கால்மணி நேரம். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டிருப்பவனுக்குக் கால்மணி நேரம் என்றால் என்னவென்று சம்மட்டி தூக்கியவனைத்தான் கேட்க வேண்டும். காலைச் சங்கும் அதே அளவு தாமதமாகத்தான் ஊதியது. ஆனால் காலையில் எட்டரை வரை பாறை மறைத்துக்கொண்டு கல்லில் வெயிலே விழாது. அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒருநாள் சாயங்காலம் இருபது பேர் சங்கு அறைக்குள் புகுந்தார்கள். முதலாளியிடம் காசு வாங்கிக்கொண்டு எங்கள் நேரத்தைத் திருடுகிறாயா என்று அண்ணனை இழுத்து வந்து கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நிழல் எங்கே இருக்கிறது, உன் கடிகாரம் எங்கே இருக்கிறது, கண்ணைத் திறந்து பார் என்றார்கள். "என் கடிகாரம் சரிடா. மச்சான், நீயாச்சும் சொல்லு" என்றான் அண்ணன். கணவன் குனிந்து கல்லைப் பார்த்தான். அப்புறம், "கல்லு பொய் சொல்லாது மச்சான்" என்றான்.

இருட்டுவதற்குள் அண்ணன் அவள் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தான். சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"நீ வீட்டுலதானே இருந்த? ரேடியோ போட்டிருந்தியா? சங்கு ஊதறப்போ மணி என்ன சொன்னான்?"

ரேடியோவில் ஐந்து மணிக்கான 'பிப் பிப்' சத்தமும் சங்கும் ஒன்றாகத்தான் கேட்டன. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. மொத்த வரிசையில் மேஸ்திரி வீட்டையும் கணக்கர் வீட்டையும் விட்டால் ரேடியோ அவள் வீட்டில் மட்டும்தான். முதலாளி பக்கத்து ஆட்கள் சொன்னால் எடுபடாது, அவள் சொன்னால் எடுபடும். அண்ணனுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில், சங்கு அறைக்குள் புகுந்தவர்களின் பெண்டாட்டிகள் நாலைந்து பேர் குடத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அதே குழாயில் அவளும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

"போடலைண்ணா" என்றாள்.

மூன்று நாள் அவர்கள் மிரட்டியபடி கல்லைப் பார்த்துச் சங்கு ஊதினான். நாலாம் நாள், கால்மணி நேரம் முன்னதாக ஊதுகிறாயா என்று முதலாளி வேலையை விட்டு விரட்டினான். ஆட்களும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவன் இந்த ஊருக்கு வந்தபோது கையில் எதையும் கொண்டு வரவில்லை. பேர் மட்டும் எப்படியோ பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது. கால்மணி.

புதிதாக வந்த சங்குக்காரன் கத்தரியால் வெட்டியதுபோல் சத்தத்தை நிறுத்துவான். அவன் நிறுத்திய பிறகும் அவள் அடுப்படியில் அப்படியே நிற்பாள், மிச்சத்தைக் கேட்கிறவள் மாதிரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தாள். வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தான். அண்ணா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், அவன் திரும்புவானா என்று யோசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

"உன் வீட்டுக்காரரு வரலையா?" அண்ணி கேட்டாள்.

"வந்திருக்காரு. சந்து முனையில நிக்கறாரு."

"எதுக்கு? நிழலு சரியா விழுதான்னு பாத்துக்கிட்டிருக்காரா?"

பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிக்கட்டும். அந்த மனுசன் வாயால ஒரே ஒரு வார்த்தை வரணும், என் வீட்டுக்காரரு திருடலைன்னு. வந்தா உள்ள வரட்டும். இல்லன்னா அங்கயே நின்னு காயட்டும். நீ வேற, அவரு வேற. உன்னை நான் சொல்லலை."

வெளியே சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயசானவர்களில் ஒருவன் கட்டைவிரல். வெடியில் வலது கட்டைவிரலைப் பறிகொடுத்ததிலிருந்து அவனுக்கு அதுதான் பேர். அன்றைக்கு அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்ததும் அதே கைதான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம் இந்த ஊர் என்பதால் சாவுக்கு வந்திருந்தான். அவன் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"ஊருக்கே சங்கு ஊதினவன்பா. கடைசில அவனுக்கே ஊதிட்டாங்க. நல்ல மனுசன். அந்தக் கால்மணி நேரத்துக்கு ஆசைப்பட்டான் பாரு, அதுலதான் கெட்டான்."

அண்ணியின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. "கேட்டியா? பொணமா படுத்திருக்கறப்பவும் விடறாங்களா பாரு. என் மகன் பள்ளிக்கூடத்துல எட்டு வருஷம் கால்மணி மவன். இந்த வீட்டுல ஒரு சுவர்க் கடிகாரம் மாட்ட விட்டதில்ல இவரு. பாரு, எங்கயாச்சும் இருக்கா?"

பார்த்தாள். சுவரில் காலண்டர் இருந்தது, கண்ணாடி இருந்தது, மகனின் சின்ன வயசுப் படம் இருந்தது. அந்தப் படத்துப் பையனுக்கு இப்போது முப்பது வயசு, லேத் பட்டறையில் வேலை. வாசலில் நின்று போனைப் பார்த்து, "ரெண்டே முக்கால் ஆச்சும்மா" என்றவன் அவளைப் பார்த்து, "அத்தை, ஏதாச்சும் குடிக்கறீங்களா?" என்று கேட்டான். அத்தை என்று அவளை யாரும் கூப்பிட்டு இருபத்தாறு வருஷம். அந்த ஒரு சொல்லுக்காக இந்த வீட்டில் ஒரு மூலையில் சாகும்வரை உட்கார்ந்திருக்கலாம்போல் இருந்தது அவளுக்கு. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அண்ணி அவளுக்கு ஒரு இடம் போட்டே வைத்திருக்கிறாள். போடாத ரேடியோவுக்குக் கிடைத்த இடம்.

"தண்ணி குடுப்பா. மாமாவுக்கு" என்று எழுந்தாள்.

கணவன் கம்பத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

"என்ன வார்த்தை?"

"சிமெண்டு பூசி மூடினீங்களே, அந்த வார்த்தை."

டம்ளர் அவன் கையிலேயே நின்றது.

அண்ணன் ஊரைவிட்டுப் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற தரையில் கணவன் ஒரு சின்னக் கம்பியை நட்டான். ஞாயிறுதோறும் ரேடியோவில் பகல் பன்னிரண்டு அடிக்கும்போது நிழலின் நுனியில் உளியால் ஒரு புள்ளி வைத்தான். கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போனால் புள்ளிகள் ஒரே கோட்டில் மேலும் கீழுமாகத்தான் விழ வேண்டும். விழவில்லை. இந்தப் பக்கம் விலகின, அந்தப் பக்கம் வளைந்தன. ஒரு வருஷம் முடிந்தபோது தரையில் நீளமாக ஒரு எட்டு கிடந்தது. அந்த எட்டின் முன்னால் அவன் ஒரு மதியம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் கம்பியைப் பிடுங்கிவிட்டு, தரை வழுக்குகிறது என்று சொல்லிச் சிமெண்டு பூசினான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்தச் சிமெண்டின்மேல்தான் அவள் துணி துவைக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான் மெதுவாக.

"தரையைக் கழுவறவ நான்தானே."

அப்போதுதான் அந்த வண்டி வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பெரியவரே, கால்மணி வீடு இந்தச் சந்துதானே?" என்றான்.

கணவன் திரும்பினான். "அந்தப் பேருல இங்க யாரும் இல்ல."

"போன்ல அப்படித்தான் சொன்னாங்க. கால்மணின்னு கேட்டா யாரும் காட்டுவாங்கன்னு."

"அவரு கால்மணி நேரம் யார்கிட்டயும் எடுக்கலை. புரியுதா? அது நான் வச்ச கல்லு. கல்லுல தப்பு."

"யோவ், எந்தக் கல்லு? எனக்கு நாலரைக்கு இன்னொரு இடம் போகணும். வழி தெரியுமா தெரியாதா? இல்லன்னா நானே கூவிக்கிட்டுப் போறேன்." கையை வாயருகே குவித்துக்கொண்டு டிரைவர் சந்தைப் பார்த்துத் திரும்பினான். "கால்ம..."

"கத்தாத!" கணவன் அவன் தோளைப் பிடித்தான். "கத்தாதப்பா. வா, நான் காட்டறேன்."

டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டுச் சந்துக்குள் நுழைந்தான். அவன் முன்னால் போனான், ஸ்ட்ரெச்சரைச் சுமந்துகொண்டு முணுமுணுத்தபடி டிரைவர் பின்னால், அவனுக்குப் பின்னால் அவள்.

அவர்களைக் கண்டதும் அண்ணி வாசலுக்கு வந்து நின்றாள். நிலையின் இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டாள். டிரைவர் நிலைமை புரியாமல் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்தான்.

"மாமா..." என்றான் மகன், வா என்றும் இல்லாமல் போ என்றும் இல்லாமல்.

கணவனுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் கிடையாது. கல்தூசி தின்ற தொண்டை. அண்ணியைப் பார்க்க முடியாமல், நாற்காலியில் இருந்த கட்டைவிரலைப் பார்த்துப் பேசினான்.

"சங்கு சரியாத்தான் ஊதுச்சு. மச்சான் கடிகாரம் சரி. என் கல்லுதான் முன்னாடி போச்சு."

"என்னடா உளர்ற?" கட்டைவிரல் நிமிர்ந்தான். "கல்லு எப்படிடா போகும்? நிழலு விழுந்தா விழுந்த இடம்தானே? சூரியனா பொய் சொல்லும்?"

"பொய் இல்ல. சூரியன் வருஷம் பூரா ஒரே மாதிரி ஓடறதில்ல. சில மாசம் கடிகாரத்தை முந்திடுது, சில மாசம் பின்தங்கிடுது. நவம்பர்ல கால்மணி முந்திடும். சர்வேயர் அதையும் அன்னைக்கே சொன்னாருன்னு நினைக்கிறேன். கம்ப்ரஸர் ஓடிக்கிட்டிருந்துச்சு, எனக்குக் காது கேக்கலை. கேக்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்."

"அப்படியே இருந்தாலும்..."

"இருடா. அதே வருஷம் ஜூலையில ஞாபகம் இருக்கா? கல்லுல அஞ்சு ஆகறதுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போதே சங்கு ஊதும். நீ சம்மட்டியைத் தூக்கிப் போட்டுட்டு முதல் ஆளா ஓடுவ. மச்சான் நமக்காக முன்னாடியே ஊதறான்னு சிரிப்ப. அப்ப எவனாச்சும் சங்கு அறைக்குப் போனோமா?"

கட்டைவிரல், விரல் இல்லாத இடத்தை இன்னொரு கையால் தடவிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" அண்ணி கேட்டாள். குரல் உயரவில்லை.

"அடுத்த வருஷம்."

"இருபத்தஞ்சு வருஷம்."

"ஆமா."

"இருபத்தஞ்சு வருஷமா பஸ்ஸு ஓடலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ ஒரு குழந்தை தும்மியது. டிரைவர் போனை எடுத்து மணி பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அண்ணி நிலையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். எடுத்த கை, பக்கத்தில் டம்ளரோடு நின்ற அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "இவளுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது" என்றான் கணவன் உடனே. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

இவ்வளவு வேகமாக அவன் எதற்கும் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளுக்காக நாலு பேர் முன்னால் அவன் சொன்ன முதல் பொய். சரி என்று விட்டுவிட்டால் போதும். அண்ணியின் பிடி இதமாக இருந்தது. உள்ளே, துணிக்கு வெளியே, அண்ணனின் கை தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் இருக்காது.

"தெரியும் அண்ணி" என்றாள். "அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தெரியும்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"ரேடியோ போட்டிருந்தேன். அஞ்சு அடிச்சப்பதான் சங்கு ஊதுச்சு. அண்ணன் வந்து கேட்டப்போ போடலைன்னு சொல்லிட்டேன். குழாயடியில ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க."

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவசரமில்லாமல், சுண்டுவிரலில் ஆரம்பித்து. அண்ணி ஏதாவது திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் உள்ளே போனாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, விலகியே இராத துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அவரு அப்படி நம்பியே போயிட்டாரு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

மகன்தான் தயங்கித் தயங்கி உள்ளே போனான். "அம்மா, வண்டிக்காரரு நிக்கறாரு."

"எடுங்க. நேரமாகுது."

"நானு, பக்கத்து வீட்டுக்காரரு, வண்டிக்காரருன்னு மூணு பேருதாம்மா இருக்கோம். சந்துல ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. அவருக்கும் கைப்பிடி கிடையாது." கட்டைவிரலைக் கண்ணால் காட்டினான்.

அண்ணி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாசல்ல ஒருத்தரு சும்மாதானே நிக்கறாரு" என்றாள்.

ஸ்ட்ரெச்சரைச் சந்தில் வைத்துத் தோளுக்குத் தூக்கினார்கள். முன்னால் மகனும் டிரைவரும், பின்னால் பக்கத்து வீட்டுக்காரரும் அவள் கணவனும். மற்ற மூவரும் நல்ல உயரம். கணவன் குள்ளம். அவன் பக்கம் சரிந்தது. தோளில் நிறுத்த முடியாமல், உள்ளங்கையைக் கொடுத்து மேலே ஏந்திக்கொண்டான்.  மாற்றிக்கொள்ள யாரும் இல்லை. பெண்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அண்ணி பின்னால் நடந்தாள், அவள் அண்ணிக்கும் பின்னால், இரண்டு ஆள் இடைவெளி விட்டு. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

பத்தடி போவதற்குள் ஸ்ட்ரெச்சர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கியது. அண்ணனின் தலை துணிக்குள் லேசாக உருண்டது.

"ஆளுக்கொரு கால் வச்சா எப்படிங்க? ஆடுது பாருங்க" என்றான் டிரைவர் முன்னாலிருந்து, திரும்ப முடியாமல். "பின்னாடி இருக்கறவரு மாத்தி வைங்க. பெரியவரே, நீங்கதான். இடது கால் போடுங்க, இடது."

அவள் கணவன் ஒரு கணம் தடுமாறினான். ஏந்திய கையைத் தாழ்த்தாமல், குழந்தை நொண்டி விளையாடுவதுபோல் ஒரே காலில் சின்னதாக ஒரு எட்டு தத்தினான். பிறகு நான்கு பேரின் இடது கால்களும் சேர்ந்து தரையைத் தொட்டன. ஆட்டம் நின்றது. பீப்பாய்களுக்கு நடுவில், துணிக்கொடிகளுக்கு அடியில், அவர்கள் அப்படியே நடந்தார்கள்.